தண்ணீர் விழாத மாதங்களிலும்

குற்றாலம் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" அடுத்த கேள்வி, "குளிக்க விடுறாங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வருகிற சில வாரங்களுக்குச் சீசன் என்று பெயர். மற்ற மாதங்களில் அப்படியொரு மலை இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

நான் அந்த மலையடிவாரத்துக்கு எல்லா மாதங்களிலும் போய்க்கொண்டிருக்கிறேன். புதுப்புது ஊர்களைத் தேடிப் போகும் ஆசை வயது ஏற ஏறக் குறைந்தது. ஒரே இடத்தை அதன் எல்லாப் பொழுதுகளிலும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. போன இடத்தில் எழுதி வைத்தவை இவை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே அளவு எழுத எனக்கு வரவில்லை. மலையும் எல்லா மாதமும் ஒரே அளவு பேசுவதில்லை.

பங்குனி

பேரருவிக்கு முன்னால் ஆள் இல்லை. கம்பித் தடுப்புகளின் மேல் இரண்டு குரங்குகள். மேலேயிருந்து இறங்கி வரும் நீர், பாறையில் ஒரு கோடு மாதிரி ஈரத்தை மட்டும் விட்டிருக்கிறது. ஆடி மாதத்தில் இங்கே நின்றால் காதில் வேறெதுவும் விழாது. இப்போது சன்னதித் தெருவில் யாரோ கடைக் கதவை ஏற்றும் சத்தம் வரைக்கும் கேட்கிறது.

வற்றிய அருவியில்தான் பாறையைப் பார்க்க முடியும். மேலிருந்து விழும் நீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவில் ஓர் ஆழமான பள்ளத்தில் விழுந்து, அது நிறைந்து, அங்கிருந்து பொங்கி வழிகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். சீசனில் அந்தப் பெயரை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அப்போது கண்ணுக்குத் தெரிவது வெள்ளை நீர் மட்டும்தான். பாறை எப்படி மடிந்திருக்கிறது, நீர் எந்த இடத்தில் உடைகிறது, எங்கே கல் வழவழப்பாகி எங்கே சொரசொரப்பாகவே நின்றுவிட்டது என்பதையெல்லாம் பங்குனி வெயில்தான் காட்டுகிறது.

அந்தப் பாறை முகத்தில் சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவு, முழங்கை அளவு என்று பல. வரிசையில் இல்லை, இடம் கிடைத்த இடத்தில் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். சிலவற்றின் ஆவுடையில் விளிம்பே இல்லை, தண்ணீர் தேய்த்துவிட்டது. ஒன்றின் அடியில் காய்ந்த பாசி கறுத்து ஒட்டியிருந்தது. நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதன் கீழே உளி விழுந்த தடம் இன்னும் இருந்தது, விரலால் தடவினால் தெரிகிற அளவுக்கு.

அதைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: இதைச் செதுக்கியவர் சீசனில் வந்திருக்க முடியாது. தண்ணீர் வற்றிய ஏதோ ஒரு பங்குனியில், சூடேறிய பாறையில் கால் வைத்து ஏறி வந்திருக்க வேண்டும். தண்ணீர் திரும்பி வரும், தினமும் அபிஷேகம் நடக்கும் என்ற நம்பிக்கையில் வறண்ட கல்லில் வேலை செய்திருக்கிறார். அருவியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

டீக்கடைக்காரர் கேட்டார்: "தண்ணியே இல்லியே, என்னத்தப் பாக்க வந்திய?"

"பாறையப் பாக்கலாம்னு வந்தேன் அண்ணாச்சி."

"பாறை எங்க போயிரப்போவுது? அது இங்கதான கெடக்கும்." டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு அவரே தொடர்ந்தார். "உத்திரத்துக்கு வந்திருக்கணும். அப்போ எங்க சாஸ்தா கோயில்ல பொங்க வைப்போம். எங்க ஆளுக பம்பாய்லேர்ந்துகூட வருவாக."

தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரம் என்றால் குலதெய்வ சாஸ்தாவைத் தேடிப் போகும் நாள். மலையடிவாரத்தில், குளக்கரையில், காட்டு ஓடை ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கோயில்களுக்கு, பிழைப்புக்காக எங்கெங்கோ போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். ஆண்டிலேயே நீர் குறைந்த காலம் அது. அருவி பார்க்கவென்று ஒருவரும் வராத மாதத்தில் ஊர்க்காரர்கள் இந்த மலையின் காலடிக்கு வந்து பொங்கலிட்டுப் போகிறார்கள்.

ஆனி

முதலில் வருவது காற்று. தண்ணீர் அப்புறம்தான்.

தென்காசியில் இறங்கினால் அதைக் கோயில் வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலுக்குள் நுழைந்தால் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். இன்னும் சில அடி நடந்தால் முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளும். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தபடி கடக்கிறார்கள். ஒரு குழந்தை மறுபடியும் மறுபடியும் ஓடிப் போய் அந்த இடத்தில் நிற்கிறது.

காற்று வரும் வழி ஆரியங்காவுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே நீண்டு போகும் வழியில் செங்கோட்டைக்கு மேற்கே சற்றுத் தாழ்ந்து இடைவெளி விடுகிறது. ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும் தென்மேற்குப் பருவமழை தன் பாரத்தைப் பெரும்பாலும் மலையின் அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. மிஞ்சிய மேகம் கணவாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து இந்தப் பக்கம் நழுவி வருகிறது. வரும்போதே அது தூறலாக உதிர்ந்துவிட்டிருக்கும். அதுதான் சாரல். குடை பிடிக்கும் அளவுக்கு இருக்காது, பிடித்தாலும் காற்று விடாது. சட்டை நனைவதற்குள் வெயில் வந்துவிடும். வெயிலில் காய்வதற்குள் அடுத்த சாரல்.

மேலே காட்டில் விழும் இந்த மெல்லிய மழைக்கு மண்ணுக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. சருகும் வேரும் அதைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதனால்தான் ஆனி, ஆடித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்தத் தெளிவு காட்டின் வேலை. தேனருவிக்கும் செண்பகாதேவி அருவிக்கும் மேலே இருக்கும் மரங்களை யாராவது எடுத்துவிட்டால், இதே சாரல்தான் பெய்யும், ஆனால் இந்தத் தண்ணீர் கிடைக்காது.

கீழே வயல்களில் கார் நெல்லுக்கு நாற்றங்கால் தயாராகிறது. கார், பிசானம் என்று இங்கே இரண்டு போகம். இரண்டு பருவமழைக்கு இரண்டு நெல். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி விதைத்திருக்கிறார்கள். இன்னும் சில வாரங்களில் அங்கே பூவை விடக் கேமரா அதிகமாக இருக்கும்.

ஆடி

குற்றாலத்தில் கூட்டம். எழுத அதிகம் இல்லை. குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, வண்டி நிறுத்த வரிசை. இத்தனை பேருக்கும் ஒரு மலை இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்கிறதே என்று மனம் நிறையத்தான் செய்கிறது. மீனாட்சிபுரத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ வேன் பிடித்து வந்த ஒரு மூதாட்டி, அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனார். அந்த முகத்தைப் பார்த்தவர் யாரும் கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள் இன்னும் கல் இடுக்கில் கிடக்கின்றன. பார்க்கும்போது வலிக்கிறது. அருவியிலிருந்து போகும் இந்தச் சிற்றாற்றுத் தண்ணீர்தான் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வழியெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் ஏறினேன். 1904-இல் திறந்த பாதை. நூறாண்டுக்கு மேல் மீட்டர் கேஜாக ஓடி, 2018-இல் அகலப் பாதையாக முழுதும் திறக்கப்பட்டது. பகவதிபுரம் வரை ஜன்னலில் நம் ஊர் வெளிச்சம்: தென்னை, வயல், அவ்வப்போது வெயில், மலை மேல் மட்டும் மேகம். பிறகு வண்டி குகைக்குள் நுழைகிறது. நீளமான குகை. பிள்ளைகள் வழக்கம்போலக் கூச்சல் போடுகிறார்கள், சக்கரச் சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது. கம்பியில் வைத்திருந்த கை முதலில் உணர்கிறது: காற்று குளிர்ந்துவிட்டது. வெளியே வந்தால் மழை. இங்கே பார்த்த சாரல் இல்லை, கனத்த மழை. தடித்த பச்சை இலைகள், ஈரம் சொட்டும் மண்சுவர், ஓட்டு வீடுகள், குடையோடு தண்டவாளம் தாண்ட நிற்கும் ஒருவர். ஒரு குகையின் இந்த வாய்க்கும் அந்த வாய்க்கும் நடுவில் வேறொரு காலத்துக்குள் வந்துவிட்டோம். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. பெட்டியில் யாரும் பேசவில்லை.

அடுத்த நாள் எதிர்த்திசையில் போனேன். தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் பேருந்து. பாவூர்சத்திரம் தாண்டும்போதே சாரல் நின்றுவிட்டது. ஆலங்குளத்தில் மண் வெளுத்து, முள்மரங்களுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கணவாய் வழியாக வந்த அதே காற்றுதான், ஈரத்தை மேற்கே கொடுத்துவிட்டு இங்கே வெறுங்கையோடு வந்து இறக்கைகளைச் சுற்றுகிறது. திருநெல்வேலியில் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளந்தது.

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது. அந்தக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில், கடுங்கோடையின் காலம். திருநெல்வேலிக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் குற்றாலத்துக்குப் பொருந்தவே இல்லை. அதனால் அந்தக் கணக்கு தப்பு என்று நான் எண்ணவில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்தது. இடத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க முடியாது, காலத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பது அதற்குள் இருக்கிறது. நாம்தான் படத்தில் பார்த்த ஒரு காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடிப் போகிறோம். அந்தக் காலம் அங்கே இல்லையென்றால் ஏமாந்துவிட்டதாகச் சொல்கிறோம்.

புரட்டாசி

கூட்டம் வடிந்துவிட்டது. ஐந்தருவிப் பாதையில் மங்குஸ்தான் விற்றவர்கள் தட்டுகளை அடுக்கி எடுத்துவைத்துவிட்டார்கள். கார் அறுப்பு நடக்கிறது.

ஓடைக் கல்லில் ஒரு சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், உடம்பை விட நீளமாகத் தோன்றும் வால். ஓயாமல் வாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. இமயமலையிலும் அதற்கும் வடக்கேயும் கூடு கட்டும் பறவை, குளிர்காலம் முழுவதையும் இந்த ஓடைகளில் கழிக்க வந்திருக்கிறது. நீர் பரபரவென்று ஓடும் இடத்துக்குப் பக்கத்துக் கல்தான் அதற்கு வேண்டும். ஆடியில் மனிதர்கள் துணி காய வைத்திருந்த கல். இப்போது அது இரை பிடிக்கும் இடம். நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது அந்த ஓடைத் துண்டை விட்டுப் போகவே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி

காற்று திசை மாறிவிட்டது. இப்போது கிழக்கிலிருந்து வருகிறது. அதற்கு முன்பே வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. நீலவரியன்கள் சமவெளியிலிருந்து மலையை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. கோடையின் முடிவில், தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன், இந்த இனங்கள் மலையிலிருந்து கிழக்கே இறங்கும். இரண்டு மழைக்கும் நடுவில் அவற்றின் போக்குவரத்து.

இந்த வடகிழக்குப் பருவமழையைச் சாரலோடு சேர்த்து எண்ணக் கூடாது. தென்மேற்குக் காலத்தில் இந்த மலை நமக்குக் கூரையாக நின்று, சொட்டுவதை மட்டும் தந்தது. வடகிழக்கில் அதே மலை சுவராக நிற்கிறது. வங்கக் கடலிலிருந்து வரும் மேகம் நேரே வந்து மோதி, நின்ற இடத்திலேயே கொட்டுகிறது. மண்ணுக்கு உறிஞ்ச நேரமில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்குகிறது. கல்லும் மரத்தடியும் சேர்ந்து வருகின்றன. பேரருவியின் முன் இரும்பில் ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். நீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. தாண்டி விழும் ஒரு நாளில் தடுப்புக்கு வெளியே வெகுதூரத்தில் நின்று பார்த்தேன். நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்வு தெரிந்தது. எது பாறை, எது நீர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு கட்டத்தில் அழகு என்ற எண்ணமே போய், மரியாதை மட்டும் மிஞ்சியது. அந்த நாளைப் பார்த்த பிறகு ஆடிச் சாரலில் நிற்கும்போதும் அந்த மரியாதை என்னை விட்டுப் போவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மார்கழி பிறந்த கையோடு தென்மாவட்டங்களில் பெய்ததை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் போனது. அதற்கடுத்த கோடையில், 2024 மே 17-ஆம் தேதி, சீசனுக்கு முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே வானம் எப்படி இருந்தாலும் மேலே காட்டில் பெய்வது நமக்குத் தெரியாது. மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

கார்த்திகை பிறந்தால் இன்னொரு சீசன், ஐயப்பன் சீசன். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் விடியலில் வந்து நீராடுகிறார்கள். இவர்கள் நீரை விளையாட்டுப் பொருளாகப் பார்ப்பதில்லை. சரணம் சொல்லித் தலையைக் காட்டி, சட்டென்று ஒதுங்கி அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். அருவியில் நிற்க வேண்டிய முறை இதுதான் என்று எனக்குத் தோன்றும். மார்கழித் திருவாதிரைக்குக் குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசருக்குத் தீபாராதனை. பஞ்ச சபைகளில் இது ஒன்று. சுவரெல்லாம் ஓவியம். அருவிக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இந்தச் சபைக்குள் வராமலே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

தை

மழை கழுவிவிட்டுப் போன வானம். ஆண்டிலேயே மலை மிகத் தெளிவாகத் தெரியும் மாதம். காலையில் பனி வயல் மேல் படுத்திருக்கிறது, அதற்கு மேலே இந்தத் திரிகூட மலையின் விளிம்பு கோடு போட்டது மாதிரி இருக்கிறது. பிசான நெல் பச்சை கட்டி நிற்கிறது. குளங்கள் நிறைந்திருக்கின்றன. அருவியில் நிதானமான, சீரான நீர்.

யாரும் சொல்லாத ரகசியம் இது: குற்றாலத்துக்குப் போக ஆகச் சிறந்த மாதம் தை. நீரும் உண்டு, நடக்க வெயிலும் உண்டு, அறை வாடகையும் கைக்கு அடங்கும். வெறுமனே உட்கார்ந்திருக்கலாம்.

சித்திரை

குற்றாலநாதர் கோயிலில் சித்திரையில் ஒரு விசுத் திருவிழா, ஐப்பசியில் ஒரு விசுத் திருவிழா. ஒன்று சாரலுக்கு முன்னால், ஒன்று சாரல் முடிந்த பின். கோயில் தன் திருவிழாக்களைச் சீசனுக்கு வெளியே வைத்திருப்பதை இத்தனை ஆண்டில் நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் மேற்கே இடி. கோடை மழை அரை மணி நேரம் பெய்து ஓய்ந்தது. சூடான தார்ச்சாலையிலிருந்து ஆவி எழும்பியது. சரக்கொன்றை மஞ்சள் தரையெல்லாம். மறுநாள் காலை பேரருவியில் இரண்டு இழை நீர் விழுந்தது. சாயங்காலத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. கடைக்காரர்கள் தகரத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பிடித்த மலையோ கடலோ ஏரியோ ஒன்று இருக்கும். அங்கே நீங்கள் ஒருமுறையும் போகாத மாதம் எது என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஆண்டு புது ஊர் தேடாமல் அந்த மாதத்தில் அங்கே போய் வாருங்கள். குற்றாலம் என்றால் சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் தென்காசி வழியாகச் செங்கோட்டை போகிறது. ஷாம்பு பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அருவிக்கு முன்னால் காவலர் கயிறு கட்டியிருந்தால் வாதாடாமல் வெளியே நின்று பாருங்கள்.